ஏழாம் அறையின் பதில்

நேரம், மத்தியானம் மூன்று மணி. இடம்... ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு ரோடு.

முகத்தைச் சுளிக்காதீர்கள். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று அதற்கு யாரும் டியூட்டி போட்டுக் கொடுக்கவில்லை. டியூட்டி போட்ட நேரத்துக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் நாம்தான். கரண்ட் இல்லை, ஏசி இல்லை, ஒரு எமர்ஜென்சி விளக்கைச் சுற்றி இத்தனை பேர். ஜெனரேட்டர்காரர் கீழே ஏதோ கழற்றிக்கொண்டிருக்கிறார். அவர் முடிக்கும்வரை ஒரு மெஷினையும் தொட முடியாது. தூக்கம் வருகிறவர்கள் தூங்கலாம். வராதவர்கள் கேளுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் பாத்ரூமுக்குத் துணைக்கு வா என்று என்னை எழுப்பக் கூடாது.

இது என் நண்பனுடைய அத்தானுக்கு நடந்தது. அவனுடைய அக்கா வீட்டுக்காரர். அவன் அத்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. அவருக்கும் நம் தொழில்தான். ரவுட்டர், ஸ்விட்ச், கேபிள். வேலையில் கில்லாடி. அதை அவரே நாலு பேரிடம் சொல்லவும் சொல்லுவார்.

அந்த ரோட்டில் கடைசி பெட்ரோல் பங்க் தாண்டினால் வீடு கிடையாது, கடை கிடையாது. இரண்டு பக்கமும் முள்கம்பி. தார் உருகுகிற வெயில். அத்தான் பைக்கில் போகிறார். கட்டடம் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடுகிறது... ஆப்பிள் வாசனை. ஒன்று இரண்டு பழம் என்றால் நன்றாக இருக்கும். அங்கே லட்சக்கணக்கில். தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ரோடு முடிகிற இடத்தில் ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம். பழக் கிடங்கு. பறித்த ஆப்பிளை மாதக்கணக்கில் வைத்திருந்து, விலை ஏறும்போது வெளியே எடுப்பார்கள். அதற்குக் குளிர் மட்டும் போதாது. அறையில் இருக்கிற ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜனை நிரப்புவார்கள். பழம் அப்படியே தூங்கிப்போகும். வாடாது, அழுகாது. மனிதன் அந்தக் காற்றில் நின்றால் இரண்டு மூச்சு. மூன்றாவது கிடையாது.

ஓர் அறை நிரம்பியதும் கதவைச் சாத்துவார்கள். ஓரமெல்லாம் பசை பூசி, டேப் ஒட்டி, சீல் வைத்துவிட்டால் சீசன் முடியும்வரை திறக்கவே மாட்டார்கள். சாத்துவதற்கு முன் ஸ்பீக்கரில் ஓர் அறிவிப்பு. பதிவு செய்து வைத்த பெண் குரல். "அறை மூடப்படுகிறது. உள்ளே இருப்பவர்கள் உடனே வெளியே வரவும்." மூன்று தடவை. உள்ளே ராட்சச ஃபேன்கள் ஓடும், வேலை செய்கிறவர்கள் காதை மூடிக் குல்லா போட்டிருப்பார்கள், யார் கத்தினாலும் கேட்காது. ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கும். அந்த ஸ்பீக்கர் எல்லாம் நெட்வொர்க்கில் ஓடுபவை. அவற்றைப் போட்டுக் கொடுத்ததே அத்தான்தான்.

அன்றைக்கு வாசல் கேட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நிழல் இருக்கிற பக்கம் நிற்காமல் வெயிலில் நின்றாள். அங்கிருந்துதான் உள்ளே போகிற வருகிறவர்களின் முகம் தெரியும். வாட்ச்மேன் வயதானவர், நல்ல மனுஷர், கதவைத் திறந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இவ புருஷன் இங்கதான் பெட்டி அடுக்குற வேலை பாத்தான் சார். ஒரு நாள் வேலைக்கு வந்தவன் வீட்டுக்குப் போகல. எவளையோ கூட்டிக்கிட்டு ஓடிட்டான்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இவ நம்ப மாட்டேங்குறா. தினம் வந்து நிக்குறா. நான் என்ன பண்ணுவேன்?"

அத்தான் 'த்சு' கொட்டிவிட்டு உள்ளே போனார். அவருக்கு வேறு வேலை இருந்தது.

வேலை இதுதான். சூப்பர்வைசர் அறையில் ஒரு போர்டு. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பச்சை விளக்கு. அந்த அறையின் ஸ்பீக்கர் அறிவிப்பைக் கேட்கத் தயாராக இருந்தால் விளக்கு எரியும். சீல் வைத்த அறைக்கு அணைந்திருக்க வேண்டும். ஏழாம் அறையைச் சீல் வைத்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. விளக்கு அணையவில்லை. மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன்.

"இந்தச் சனியனை அணைச்சுக் கொடுத்துட்டுப் போங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் சூப்பர்வைசர்.

நமக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே அறிவிப்பை இருபது ஸ்பீக்கருக்கு இருபது தடவை அனுப்புவதில்லை. ஸ்பீக்கர்களெல்லாம் ஒரு குரூப். ரவுட்டர் அவ்வப்போது குரூப்பைப் பார்த்துக் கேட்கும்: யாராவது கேட்கிறீர்களா? இருக்கிற ஸ்பீக்கர் பதில் சொல்லும்: நான் இருக்கிறேன். பதில் வந்த கேபிளில் மட்டும் சத்தத்தை அனுப்பும். பதில் வராத பக்கம் நிறுத்திவிடும். ஆஃப் பண்ணும்போது ஒரு ஸ்பீக்கர் 'நான் போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பினாலும், உடனே நிறுத்தாது. வேறு யாராவது இருக்கிறீர்களா என்று அந்தப் பக்கம் இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் நிறுத்தும். ரவுட்டருக்கு இருக்கிற அந்த மரியாதை நம்மில் பல பேருக்கு இல்லை.

அத்தான் ரவுட்டர் இருக்கிற சின்ன அறைக்குப் போய் லேப்டாப்பைச் சொருகினார். குரூப்பில் யார் யார் என்று பார்த்தார். ஏழாம் அறை இருந்தது. பழைய பதிவு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அழித்தார். போய்விட்டது. ரவுட்டர் மறுபடி கேட்டது: யாராவது கேட்கிறீர்களா? எல்லா அறையிலிருந்தும் டக் டக்கென்று பதில். அப்புறம் ஓர் இடைவெளி... பதில் சொல்லக் கொடுத்த அவகாசம் தீர்ந்துபோகிற சமயத்தில்... ஏழாம் அறை. இருக்கிறேன்.

மறுபடி அழித்தார். மறுபடி அதே. ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில்.

எழுந்துபோய் ஏழாம் அறைக் கதவைப் பார்த்தார். சீல் அப்படியே இருந்தது. கேபிளைப் பார்த்தார். கேபிள் போகிற ஓட்டை வழியாகக் காற்றுக் கசியக் கூடாது என்பதால், சீல் வைத்த அன்றே கேபிளை வெட்டி ஓட்டையை அடைத்திருந்தார்கள். சுவரோரம் வெட்டுப்பட்ட முனை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே செப்புக்கம்பி எட்டும் எட்டுப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன.

"வெட்டின கேபிள்லேர்ந்து எப்படிங்க பதில் வரும்?"

அதானே பார்த்தேன். நம்ம 'சந்தேகம்' இன்னும் தூங்கவில்லை. அவனுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட மாப்பிள்ளை ஒரிஜினலா என்று கேட்பான். வராது தம்பி. வரவே வராது. அதனால்தான் இதை லஞ்ச் டைமில் சொல்லாமல் இப்போது சொல்கிறேன்.

அத்தான் அந்த முனையைக் கையில் எடுத்தார். விரல் சுரீர் என்றது. வெளியே அந்த வெயில்... கம்பி மட்டும் ஐஸ்.

சூப்பர்வைசர் பின்னாலேயே வந்து நின்றார். அத்தான் சும்மா கேட்பதுபோலக் கேட்டார், அன்றைக்குச் சீல் வைத்தபோது என்ன செய்தீர்கள் என்று.

"வழக்கம்போலத்தான் சார். இதோ, கதவுக்கு வெளியில இருக்குற ஸ்பீக்கர் என் காதுக்கிட்டவே அலறும். அதை ஆஃப் பண்ணிட்டேன். உள்ள இருக்குறது கேட்டாப் போதும்ல? அப்புறம் அறிவிப்பு போட்டோம். மூணு தடவை. யாரும் வரல. மூடிட்டோம்."

அத்தான் கையிலிருந்த கேபிள் முனையை விட்டுவிட்டார். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன், ஏழாம் அறையை மூடுவதற்கும் முந்தி, இதே கிடங்கில் ஒரு புகார். ஸ்பீக்கரை ஆஃப் பண்ணினால் போர்டில் விளக்கு உடனே அணைவதில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அணைகிறது என்று. அது ரவுட்டர் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிற நேரம். அத்தான் அதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். சோம்பேறித்தனம்... ஒரே ஒரு வரி தட்டிவிட்டுப் போனார். ஒருவர் போகிறேன் என்று சொன்னால், வேறு யாரையும் கேட்காமல் உடனே நிறுத்து. விளக்கு பளிச்சென்று அணைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரு கேபிளில் ஒரே ஸ்பீக்கர் இருந்தால் அதில் தப்பே இல்லை. ஏழாம் அறைக்கு மட்டும், நீளமான கேபிள் இன்னொன்று இழுக்கச் சோம்பல்பட்டு, ஒரு சின்ன ஸ்விட்ச் போட்டு இரண்டு ஸ்பீக்கரை ஒரே கேபிளில் கோத்திருந்தார். கதவுக்கு வெளியே ஒன்று. உள்ளே ஒன்று. வெளியே இருந்தது 'போகிறேன்' என்று சொன்னதும், உள்ளே இருந்ததை ஒரு வார்த்தை கேட்காமல் ரவுட்டர் இரண்டுக்கும் சேர்த்து நிறுத்திவிட்டது. அடுத்த முறை அது பொதுவாகக் கேட்டு, உள்ளேயிருந்து பதில் வருவதற்குள் மூன்று அறிவிப்பும் முடிந்துபோயின.

உள்ளே எதுவுமே கேட்கவில்லை.

"யாராவது உள்ள போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார் அத்தான்.

"எதுக்கு? அதுக்குத்தானே சார் அறிவிப்பு? பின்பக்கம் சுவரோரமா ஒரு சந்து இருக்கும், தெர்மாமீட்டர் தொங்கும். அதைப் பாக்க ஒருத்தன் போவான். கூப்பிட்டா வந்துடுவான்."

"அவசரக் கதவு?"

"இருக்கு. அதுக்கு முன்னாடி பெட்டி அடுக்கிட்டோம். இடம் பத்தல."

இப்போது அந்தச் சந்தில் போனவன் யார் என்று சூப்பர்வைசரிடம் அத்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் அறையைத் திறக்க வேண்டும். திறந்தால் அத்தனை பழமும் வீண், கிடங்குக்காரன் சும்மா விட மாட்டான், அப்புறம் ரவுட்டரை நோண்டுவார்கள், அவர் தட்டிய அந்த ஒரு வரி வெளியே வரும். உள்ளே இருப்பவன் என்றைக்கோ செத்திருப்பான், இனிமேல் திறந்து யாருக்கு என்ன லாபம்... இப்படியெல்லாம் அவர் மனசு அவருக்கே வக்காலத்து வாங்கியது. இதை அவர் வாயால் என் நண்பனிடம் சொன்னார். கேட்டபோது எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது.

பைக்கிலிருந்து டெஸ்டர் எடுத்து வருகிறேன் என்று வெளியே போனார். உண்மையில் மூச்சு விடப் போனார். கேட்டில் அந்தப் பெண் அவரிடம் வந்தாள்.

"சார், நீங்கதான் உள்ள கம்பி எல்லாம் பாக்குறவருன்னு வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு. எந்த ரூம்ல யாரு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமாமே?"

"ம்..."

"உள்ள யாராவது இருக்காங்களா சார்?"

"யாரும் இல்லம்மா. நல்லாப் பாத்துட்டேன்."

அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தாள். வெயிலில் கறுத்துப்போன முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"எனக்கு அந்தப் பயம்தான் சார் இருந்துச்சு. உள்ள மாட்டிக்கிட்டாரோன்னு. இல்லைல்ல... அப்போ எங்கேயோ உசிரோட இருக்காரு. கோவம் தீந்தா வந்துடுவாரு. நீங்க நல்லா இருக்கணும் சார்."

அத்தான் டெஸ்டரை எடுக்க மறந்தே திரும்பிப் போனார்.

உள்ளே போனதும் முதல் வேலையாக, தான் தட்டிய அந்த வரியை எடுத்துவிட்டார். யாராவது நாளைக்குப் பார்த்தாலும் ரவுட்டர் யோக்கியமாக இருக்கும். கேட்காமல் எதையும் நிறுத்தாது. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லா ரூமுக்கும் அறிவிப்பு போட்டுக் காட்டிடுங்க சார்" என்றார்.

அத்தான் போட்டார். எல்லா அறைக்கும் என்றால் எல்லா அறைக்கும்தான். ஏழாம் அறை இன்னும் குரூப்பில் இருந்தது.

"அறை மூடப்படுகிறது. உள்ளே இருப்பவர்கள் உடனே வெளியே வரவும்."

மூன்று தடவை. சத்தம் அடங்கியது. ரவுட்டர் கேட்டது: யாராவது கேட்கிறீர்களா?

டக். டக். டக். அவகாசம் முடிந்தது... ஏழாம் அறையிலிருந்து பதில் இல்லை. போர்டில் விளக்கு அணைந்துவிட்டது என்று சூப்பர்வைசர் அங்கிருந்து சந்தோஷமாகக் கத்தினார்.

அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். லேப்டாப்பை மூடப் போனார். ரவுட்டர் மறுபடி கேட்டது. எல்லோரும் பதில் சொல்லி முடித்து... கடைசி நொடியில் ஒரு பதில். ஏழாம் அறைக்கு வெளியே, சூப்பர்வைசர் ஆஃப் பண்ணி வைத்த ஸ்பீக்கரிலிருந்து.

அப்புறம் நடைபாதை ஸ்பீக்கர். முதலில் வழக்கமான பதில், பிறகு கடைசி நொடியில் இன்னொன்று.

அப்புறம் பேக்கிங் ஹால்.

அப்புறம்... அவர் உட்கார்ந்திருந்த அறை.

அங்கேயும் மூலையில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதில் சர்ர்ர் என்று ஒரு சத்தம். அவருடைய லேப்டாப் ஸ்க்ரீனில் பனி படர்ந்தது. ஆப்பிள் வாசனை, அதற்கு அடியில் வேறு ஒரு வாசனை... பூட்டி வைத்த ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருமே, அது. அவருடைய கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள். மூச்சு விடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்றார்... இவ்வளவு பக்கத்தில் ஒருவர் நின்றும் மூச்சே விடவில்லை.

அவர் திரும்பவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். குளிர் மெதுவாக விலகியது. கண்ணைத் திறந்து ஸ்க்ரீனைத் துடைத்துப் பார்த்தபோது கடைசிப் பதில் கேட் ஸ்பீக்கரிலிருந்து வந்திருந்தது.

எழுந்து ஓடினார். கேட்டில் அந்தப் பெண் இல்லை. வாட்ச்மேன் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

"சார், அவ புருஷன் வந்துட்டான் சார்! எங்கேயோ சுத்திட்டு, எந்த வழியா உள்ள பூந்தானோ, உள்ளேர்ந்து வந்தான். வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல. கையப் பிடிச்சான். 'ஏங்க, கை இப்படிச் சில்லுன்னு இருக்கே'ன்னு அவ கேட்டுக்கிட்டே கூடப் போனா. நான் ஒண்ணும் தடுக்கல, பாவம்."

"எங்க போனாங்க?"

"உள்ளதான். அவன் துணிமணி எடுக்கப் போயிருப்பான்."

அத்தான் திரும்பி ஓடினார். நடைபாதையில் யாரும் இல்லை. ஏழாம் அறைக் கதவில் சீல் அப்படியே. டேப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ரவுட்டர் அறைக்கு வந்தார். அது கேட்டது: யாராவது கேட்கிறீர்களா?

ஏழாம் அறை. உடனே. மற்ற எல்லா ஸ்பீக்கருக்கும் முன்னால். இருக்கிறேன்.

பிறகு, எல்லோரும் முடித்த பிறகு, கடைசி நொடியில்... ஏழாம் அறை. இருக்கிறேன்.

இரண்டு பதில். ஒன்று மெதுவாக. இன்னொன்று, கதவைத் தட்டியதும் ஓடி வருவதுபோல.

அந்த வேகம் என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று அவர் சொல்லவில்லை, அந்த ஒரு நேர்மை அவரிடம் இருந்தது. உள்ளே ஓர் உயிர் இருக்கிறது. பத்தடி நடந்து சூப்பர்வைசரிடம் கதவை உடைக்கச் சொன்னால் போதும். பழம் போகும், வேலை போகும், ஒரு மனுஷி வெளியே வருவாள்.

"என்ன சார், மறுபடி எரியுது?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அத்தான்.

உட்கார்ந்தார். ஒரு வரி தட்டினார். ஏழாம் அறையிலிருந்து எந்தப் பதில் வந்தாலும் காதில் வாங்காதே. என்டர்.

விளக்கு அணைந்தது.

"சரியாயிடுச்சா சார்?"

"சரியாயிடுச்சு."

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தது. அந்தப் பெண் அதற்கப்புறம் கேட்டுக்கு வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துவிட்டார்கள், அவன் பூந்து வந்த வழியாகவே வெளியேறி வேறு எங்கேயோ பிழைக்கப் போய்விட்டார்கள் என்று வாட்ச்மேன் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். யாரும் தேடவில்லை. எதற்குத் தேட வேண்டும்?

"அப்புறம் பேய் அந்தாளை என்ன பண்ணுச்சு? அடிச்சுதா?"

ஒன்றும் பண்ணவில்லை தம்பி. அதுதான் எனக்கும் ஆத்திரம். போன மாதம்கூட அவருக்கு ப்ரமோஷன். நண்பன் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தான், நான் தொடவில்லை.

ஆனால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ரவுட்டர் ஒரு பதிலைக் காதில் வாங்காமல் தள்ளிவிட்டாலும், தள்ளியதைக் குறித்து வைக்கும். எப்போது வந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அத்தான் பார்ப்பார். சாப்பிட உட்காருவதற்கு முன் லேப்டாப்பைத் திறப்பார். நண்பனுடைய அக்கா தட்டை வைத்துக்கொண்டு, "அப்படி என்னதான் இருக்கு அதுல? சோறு ஆறுது" என்று கத்துவாள். அவர் பார்த்துவிட்டுத்தான் கை கழுவுவார்.

வேகமான பதில் வந்துகொண்டே இருந்தது. அவள் ஒரு முறைகூடத் தவறவிடவில்லை. யாராவது கேட்கிறீர்களா என்றால் போதும்... அவள் வாசல் வெயிலில் நின்ற மாதிரியே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் இல்லை. இன்றைக்கு நின்றுவிடும், இன்றைக்கு நின்றுவிடும் என்று அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். போன் பக்கத்தில்தான் இருக்கும். கிடங்கின் நம்பர் அதில்தான் இருக்கும். சாப்பிடுவார், தூங்குவார்.

பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமானது.

ஒரு நாள் இரண்டு பதிலும் கடைசி நொடியில், ஒன்றாக வந்தன. அன்றைக்கு அத்தான் லேப்டாப்பை மூடிவிட்டு, இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று அக்கா சொன்னாள்.

சீசன் முடிந்தது, விலை ஏறியது. ஏழாம் அறையைத் திறக்கும் நாள். வெட்டிய கேபிளை மறுபடி கோத்துக் கொடுக்க வேண்டும், அத்தானைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொன்னால் சந்தேகம் வருமே என்று போனார்.

சூப்பர்வைசர்தான் தன் கையால் சீலை உடைத்தார். அவர் வைத்த சீல், அவர் போட்ட கையெழுத்து. டேப்பைக் கிழிக்கும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. எல்லோரும் ஆக்சிஜன் மாஸ்க் போட்டுக்கொண்டார்கள், இரண்டு பேர் முதலில் போனார்கள். ஃபோர்க்லிஃப்ட் முன்வரிசைப் பெட்டிகளை எடுத்தது. பிறகு அடுத்த வரிசை. டிரைவர் திடீரென்று வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினான்.

பின்சுவர் சந்தில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே, அந்தப் பெண்ணின் புருஷன் உட்கார்ந்திருந்தான். காதுக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். தலை ஸ்பீக்கர் பக்கம் நிமிர்ந்திருந்தது. அவன் தோளில் சாய்ந்து அவள்.

சூப்பர்வைசர் அத்தான் பக்கம் திரும்பினார். "இவ எப்படி சார் உள்ள வந்தா? சீலு... நானே வெச்ச சீலு சார்... நீங்கதானே அன்னைக்குப் பாத்தீங்க, உள்ள யாராச்சும் இருந்தாங்களா?"

"அன்னைக்கு இல்ல" என்றார் அத்தான். அப்போதும் அதைத்தான் சொன்னார்.

பிறகுதான் கீழே பார்த்தார்கள். பின்வரிசைப் பெட்டிகள் காலி. சந்து முழுக்க ஆப்பிள் கொட்டைகள். தின்று முடித்த நடுத்தண்டுகள், சுவரோரம் ஒழுங்காக, முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. இரண்டு மூச்சுக்கு மேல் யாரும் விட முடியாத அறையில், அவ்வளவு நாள் ஒருத்தி தின்றிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சின்னக் கடி, மறுபக்கம் பெரிய கடி. அவன் பங்கு போட்டு ஊட்டியிருக்கிறான்.

அந்தக் காற்றில் கடித்த ஆப்பிள் கறுக்காது. எல்லாம் இப்போதுதான் கடித்ததுபோல வெள்ளையாக இருந்தன. கதவு திறந்து நம் காற்று பட்டதும், அத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பழுப்பேற ஆரம்பித்தது... ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது... சுவரோரமாக வரிசையாக வந்து அவர்கள் காலடிவரை பழுப்பாகிவிட்டது.

அவள் மடியில் ஒரே ஒரு பழம் மிச்சம் இருந்தது. அதில் சின்னக் கடி இல்லை. பெரிய கடி மட்டும்தான் இருந்தது. அது பழுப்பேறவில்லை... எச்சில் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது.